பாதிச் சொல்

குவாரி என்றால் நமக்குத் தெரியும்.
வெடிமருந்து, லாரி, வெள்ளைத் தூசி,
மழைக்குப் பிறகு பச்சையாய்த் தேங்கும் ஆழம்.
கப்பலில் வந்த அந்தச் சொல்லில்
பாதியைத்தான் நம் கரையில் இறக்கினார்கள்.
மறுபாதி
மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது
அதன் சொந்த ஊரில்.

கம்பர்லேண்ட் மலையில் ராவன்கில்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று, நவம்பர்.
மதுக்கடை மாடியில் மரண விசாரணை,
வேறெங்கும் கணப்பு எரியவில்லை என்பதால்.
கீழே, பீப்பாய்களுக்கு நடுவே,
கழற்றிய கதவொன்றின்மேல் கிடந்தான்
ஜாப் ஃபியரன். வயது பதினேழு.
சட்டைக்குள் இரண்டு முயல்.
இரண்டுக்கும் கண் திறந்தே இருந்தது.

எழுத்தர் சைலஸ் பெனிங்டன்
உறைந்த மைக்கூட்டைத் தொடைகளுக்கிடையே வைத்து
இளக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் எஸ்டேட்டின் வேட்டைக்காவலன் டைசன்.
சொன்ன பிறகுதான் தொப்பியைக் கழற்றினான்.
"நல்ல நிலா, ஐயா. நாயை அவிழ்த்துவிட்டேன்.
என் குவாரி மேட்டில் ஏறிற்று.
கற்சுவரைத் தாண்டிற்று.
அப்புறம் காணோம்."

ஏறிற்று, தாண்டிற்று என்று எழுதுவது நான்.
அவன் மொழியில் வினைக்குத் திணை கிடையாது.
தப்பித்துக்கொள்ள அதுவும் ஒரு வழி.

சைலஸின் பேனா நின்றது. "எது?"
"துரத்தப்பட்டது" என்றான் டைசன்,
இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

பிறகு தகப்பன், ஐசக்.
நகக்கண்ணில் நீலப் பலகைக்கல்லின் துகள்.
"என் குவாரி, ஐயா. முப்பத்தொரு வருஷம்.
அந்த விளிம்பை வெட்டியதே நான்தான்.
வேலி போடச் சொல்லி
இரண்டு தரம் கேட்டேன்."

அதே சொல். அதே 'என்'.
சைலஸ் எழுதினார்:
குவாரி குவாரியில் விழுந்தது.
படித்துப் பார்த்தார்.
இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார் அவர்,
குடியால் வேலை போனவர்.
அவருக்குத் தெரியும், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளல்ல.
கல்லின் குவாரி லத்தீன் வீடு:
கற்களைச் சதுரிக்கும் இடம்.
வேட்டையின் குவாரி பழைய பிரெஞ்சு:
கொன்ற மானின் தோலை உரித்து விரித்து
அதன்மேல் குடலைக் கொட்டி
நாய்களுக்குக் கொடுக்கும் பங்கு.
முதலில் அந்தப் பங்குக்குப் பெயர்.
பிறகு குவித்துப் போட்ட உடல்களுக்கு.
பிறகு, இன்னும் பிடிபடாமல்
புதருக்குப் புதர் ஓடும் உயிருக்கே.
முடிவில் நேரப்போவதை
முன்கூட்டியே பெயராய்ச் சூட்டிவிட்டார்கள்.

"குழப்பம் வேண்டாம்" என்றார் விசாரணை அதிகாரி.
"முதலாவதை அடி. 'இறந்தவர்' என்று போடு."
அடித்தார். மை ஊறிப் பரவியது,
இறந்தவரின் பாதியையும் மறைத்தது.

தாமசின் ஃபியரனை யாரும் அழைக்கவில்லை.
அவளாகவே எழுந்தாள்.
"ஜாப் என்று கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான்.
டைசன், உனக்கு அவன் பெயர் தெரியும்.
உன் வீட்டுக்கூரைக்கு
பலகைக்கல் சுமந்து வந்தவன் அவன்."
டைசன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தான்.
அவள் சத்தியப்பிரமாணம் எடுக்கவில்லை, ஆகவே
அது எழுதப்படவில்லை.

தற்செயல் மரணம்.
பன்னிரண்டு கையெழுத்து, அதில் ஐந்து பெருக்கல் குறி.
முயல்கள் எஸ்டேட்டுக்குத் திரும்பின.
அதிகாரி தன் குதிரைக்குச் சேணம் பூட்டச் சொன்னார்.

அத்தனை நேரமும் மேசைக்கடியில்
படுத்திருந்தது டைசனின் நாய்.
நல்ல நாய். யாரையும் கடித்ததில்லை.
ஜூரியில் ஒருவர், ரொட்டிக்கடைக்காரர்,
தட்டில் ஒதுக்கிய பன்றித்தோல் விளிம்பை
யோசிக்காமல் கீழே நீட்டினார்.

சைலஸ் ஈரத்தாளில் மணலைத் தூவினார்.
அறை அமைதியாய் இருந்ததால்
மெல்லும் சத்தம் கேட்டது.